கரையாத உப்புக்கு ஒரு திறப்பு விழா

அந்தப் பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு ஒரே ஒரு விதிதான் இருந்தது. அங்கே வேதியியல் நடக்கக் கூடாது.

முன்பு நடந்ததுண்டு. மேசைகளில் கறை இருந்தது, ஜன்னலோரம் அமில நெடி இருந்தது, கூரை விசிறியில் ஏதோ ஊதாவாக ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு கல்வி இலாகாவிடமிருந்து ஆய்வுக்கூடத்துக்கு ஐந்து நட்சத்திரத் தரம் கிடைத்தது. வாசலில் ஒரு பித்தளைப் பலகை ஏறியது. பலகை ஏறிய நாளிலிருந்து உள்ளே போகிறவர்கள் காலணியைக் கழற்ற வேண்டும், மேசையைத் தொடக் கூடாது, குழாயைத் திறந்தால் தொட்டியைத் துடைத்துவிட்டு வர வேண்டும். பீடோர் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி, ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட தோட்டத்தின் ஓரத்தில் நின்ற அந்தப் பள்ளிக்குப் பெருமைப்பட வேறொன்றும் இல்லை. வருகிற அதிகாரிகளை முதலில் அங்கேதான் அழைத்துப்போவார்கள். அவர்களும் காலுறையோடு ஒரு சுற்று வந்து, "சுத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சிற்றுண்டிக்குப் போவார்கள்.

சுரேன் அங்கே புதிதாக மாற்றலாகி வந்த வேதியியல் ஆசிரியர். அதிகம் பேசாதவர். பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்துக்கு உப்பு தயாரிக்கும் பாடத்தை அவர் காணொளி போட்டுத்தான் நடத்தினார். வேறு வழி அனுமதிக்கப்படவில்லை. காணொளியில் கந்தக அமிலம் சூடாகும், கறுப்புத் தாமிர ஆக்சைடு அதில் விழும், பின்னணியில் பியானோ வாசிப்பார்கள், நாலு விநாடியில் நீலப் படிகம் முளைத்துவிடும். பாடம் முடிந்து ஒரு சிறு சோதனை வைத்தார். கரையும் உப்பைத் தயாரிக்கும் முறையை எழுதச் சொன்னார். வகுப்பில் பாதிப் பேர், "இசை நின்றதும் வடிகட்டவும்" என்று எழுதியிருந்தார்கள்.

அதற்கு மதிப்பெண் போடுவதா வேண்டாமா என்று சுரேன் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க லா சார்," என்றாள் துளசி. முன்வரிசைப் பெண். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மருந்தாளர் படிப்புக்குப் போக வேண்டும் என்று நாலாம் படிவத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவள். "அடுத்த மாசம் எஸ்.பி.எம். பரீட்சைக்கு பிராக்டிக்கல். உப்பு செய்யச் சொன்னா நாங்க என்னா செய்யுறது? எனக்கு உப்பு வாங்கத்தான் தெரியும். அதுவும் பாக்கெட்ல."

"ஒரு தடவ செஞ்சு பாத்துருவோம்."

"போன வருசமும் இப்படித்தான் சொன்னாங்க சார்."

"யாரு?"

"போன வருசத்து சார்."

சுரேன் மருந்து அலமாரியைத் திறந்து பார்த்தார். பொட்டாசியம் அயோடைடு தாராளமாக இருந்தது. ஈய நைட்ரேட் அரைப் போத்தல் இருந்தது. வேறு போத்தல் இல்லை. புதிதாகக் கேட்டால் அடுத்த ஆண்டு வரும், துளசி போன பிறகு. ஆனால் அரைப் போத்தல் போதும். வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு முறை, ஒரே ஒரு முறை, இரண்டு கரைசலையும் கலந்து, மஞ்சளாக அடியில் படிவதை வடிகட்டி, கழுவி, உலர்த்தி எடுக்கலாம். கரையாத உப்பு கைவந்துவிட்டால் மற்றதைப் பேசிப் புரியவைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

அனுமதி கேட்கத் தலைமையாசிரியரிடம் போனார். அதுதான் அவர் செய்த தவறு.

தலைமையாசிரியர் ஸ்கந்தராஜா ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்தார். அவர் அறையில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. அதில் ஓர் அரோவானா மீன் அவரைப் போலவே அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் போய்வந்துகொண்டிருந்தது.

"செய்து பார்த்தால்தான் விளங்குமோ தம்பி?" என்றார் ஸ்கந்தராஜா. "நான் முப்பது வருசமா எத்தனையோ திட்டத்துக்குக் கையெழுத்து வச்சிருக்கிறன். ஒன்றைத்தன்னும் செய்து பார்த்ததில்லை. இப்ப நான் என்ன குறைஞ்சு போனேனோ?"

"பரீட்சையில செய்யச் சொல்வாங்க சார்."

"அது பரீட்சைக்காரருடைய பிரச்சினை. சரி, அந்த உப்பு என்ன நிறம்?"

"மஞ்சள்."

"எவ்வளவு நேரத்திலே வரும்?"

"ஊத்தின உடனே."

ஸ்கந்தராஜா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மீனும் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது.

வார முடிவுக்குள் அது ஒரு திட்டமாகிவிட்டது. 'காராம்' என்று பெயர். மலாயில் உப்பு என்று அர்த்தம், ரோமன் லிபியில் ஐந்து எழுத்து, என்றாலும் ஒவ்வோர் எழுத்தும் ஓர் உயர்ந்த பண்பைக் குறிக்க வேண்டும் என்பது மரபு. முதல் நாலு எழுத்துக்கும் பண்புகள் எளிதாகக் கிடைத்தன. ஐந்தாவதற்கு இரண்டு கூட்டம் போட்டார்கள். ஒன்றும் அமையவில்லை. கடைசி எழுத்தின் பொருள் பின்னர் அறிவிக்கப்படும் என்று பேனரில் அச்சடித்துவிட்டார்கள்.

திறந்துவைக்க, டத்தோ என்ற அரசுப் பட்டம் வாங்கிய தவமணி வருவதாக ஏற்பாடு. மாவட்ட அறிவியல் மேம்பாட்டு மன்றம் என்று ஒன்று உண்டு. அதற்கு அவர்தான் தலைவர், அது தொடங்கிய நாளிலிருந்து.

டத்தோ வந்தால் கிமிக் வேண்டும். எந்த நிகழ்ச்சியானாலும் பிரமுகர் ஏதாவது ஒரு வித்தை காட்டித்தான் திறக்க வேண்டும், அதற்குப் பேர் கிமிக். போன வருடம் வாசிப்பு வாரத்தைப் பலூன் வெடித்துத் திறந்தார்கள். அதற்கு முந்தைய வருடம் புகைபிடித்தல் ஒழிப்பு வாரத்தைப் புகை இயந்திரம் வைத்துத் திறந்தார்கள். இந்த வருடம் டத்தோ ஒரு தெளிந்த நீரை இன்னொரு தெளிந்த நீரில் ஊற்றுவார். மஞ்சள் உப்பு பொங்கி வரும்.

"கரையும் உப்பு செஞ்சா என்ன சார்?" என்று கூட்டத்தில் சுரேன் கேட்டுப் பார்த்தார். ஈய நைட்ரேட்டைக் காப்பாற்றிவிடலாம் என்ற நப்பாசைதான். "தாமிர சல்ஃபேட் அழகா, நீலமா வரும்."

"எவ்வளவு நேரம்?"

"ஆவியாக்கி, ஆற வச்சு... மறுநாள் படிகம் கட்டும்."

"டத்தோ மறுநாள்வரைக்கும் இருப்பாரோ? பாருங்கோ தம்பி, கரையிற உப்புக்குப் பொறுமை வேணும். ஆறப்போடணும், காத்திருக்கணும், ஆட்டாமல் அசைக்காமல் இருக்கணும். அதெல்லாம் எங்கட இலாகாவுக்குச் சரிவராது. கரையாத உப்புதான் எங்களுக்கு ஏத்தது. ஊத்தினோம், விழுந்தது, படம் எடுத்தோம், சாப்பிடப் போனோம்."

பாதுகாப்புக் குழு தனியாகக் கூடியது. ஈயம் நச்சு என்பதால் மாணவர்கள் அதைத் தொடக் கூடாது என்று முடிவெடுத்தது. டத்தோ தொடலாம். அவருக்குப் பொன்னிறத்தில் கையுறை வாங்குவது என்றும் முடிவெடுத்தது.

பிறகு ராப்தாய் தொடங்கியது. ஒத்திகைக்கு அங்கே அதுதான் பேர். முதல் ராப்தாயில் சுரேன் ஒரு சின்ன பீக்கரில் கொஞ்சமாக ஊற்றிக் காட்டினார். கண்ணாடிக்குள் மஞ்சள் சுருண்டு சுருண்டு இறங்கியது. துணைத் தலைமையாசிரியை பிரமிளா மண்டபத்தின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நிகழ்ச்சிக்கு அவர்தான் செயலாளர்.

"சார், பின்னால ஒண்ணுமே தெரியல! டத்தோ காப்பி கலக்குற மாதிரி இருக்கு!"

சிற்றுண்டிச்சாலையிலிருந்து மிட்டாய் ஜாடி வந்தது. ஜாடி டத்தோவின் முகத்தை மறைக்கும் என்றார்கள். கடைசியில் ஸ்கந்தராஜா ஒரு தியாகத்துக்கு முன்வந்தார். அரோவானாவை வாளிக்கு மாற்றிவிட்டு, மீன்தொட்டியை மேடையேற்றினார்கள். தொட்டி பெரியது. கொஞ்சம் ஊற்றினால் வெளிறித்தான் வரும். பளிச்சென்று வர வேண்டுமானால் போத்தலில் கால்வாசி போக வேண்டும். போனது.

"அடியில போய் விழுந்திடுது சார்," என்று பிரமிளா குறைப்பட்டார்.

"அதுதான் டீச்சர் வீழ்படிவு," என்றார் சுரேன்.

ஸ்கந்தராஜாவுக்கும் அது பிடிக்கவில்லை. "டத்தோ பேசி முடிக்கும்வரைக்கும் விழாமல் நிற்கச் சொல்லுங்கோ. அவர் மேடையிலே நிற்கேக்க பின்னாலே ஏதோ விழுந்துகொண்டிருந்தால் அது நல்லாவோ இருக்கும்?"

உப்பு நிற்கவில்லை. ஆகவே உடற்பயிற்சி ஆசிரியர் மேசைக்குப் பின்னால் குந்தியிருந்து, பூப்பந்து மட்டையின் கைப்பிடியால் டத்தோ உட்காரும்வரை கலக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஏற்பாடானது. அதற்கும் ஒரு ராப்தாய். மறுபடி மஞ்சள், மறுபடி போத்தல்.

இடையில் ஒரு நாள் தொட்டியை மூன்று தரம் அலசிவிட்டு மீனைத் திரும்ப விட்டார்கள். மறுநாள் அது மல்லாக்க மிதந்தது. பாதுகாப்புக் குழு அவசரமாகக் கூடி, மீனுக்கு வயதாகிவிட்டது என்று ஒருமனதாக முடிவு செய்தது.

மாணவர்களுக்கும் பங்கு இருந்தது. ஐந்தாம் படிவத்தார் வெள்ளை அங்கி போட்டு முன்வரிசையில் உட்கார வேண்டும். அங்கிகள் புதியவை, பிளாஸ்டிக் பையில் இருந்த மடிப்புகூடக் கலையவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் திருப்பித்தர வேண்டும் என்பதால் யாரும் சாய்ந்து உட்காரக் கூடாது. வேதியியல் பாடவேளைகளை எடுத்துக்கொண்டு பிரமிளா அவர்களுக்கு வியப்புப் பயிற்சி கொடுத்தார்.

"மஞ்சள் வந்ததும் வாய தொறக்கணும். எல்லாரும் ஒண்ணா. துளசி, ஒனக்கு வாய் பத்தல. பல்லு தெரியக் கூடாது. பல்லு தெரிஞ்சா அது சிரிப்பு. ஷர்வின பாரு, எவ்ளோ அழகா தொறக்குறான்!"

"டீச்சர், அந்த உப்ப எப்ப டீச்சர் நாங்க செய்யுறது?" என்று துளசி கேட்டாள்.

"வாய மூடு. இல்ல, தொற."

ஷர்வினுக்கு அந்தத் திறமைக்காகப் பதவி உயர்வு கிடைத்தது. டத்தோவுக்கு ஊற்ற வேண்டிய குடுவையைத் தட்டில் ஏந்தி வருகிற வேலை. மேசைவரை நடந்து, தட்டை நீட்டி, ஓரடி பின்வாங்கி, அசையாமல் நிற்க வேண்டும். தினமும் மாலையில் அதற்கு வெறுங்குடுவையோடு தனி ராப்தாய்.

முழு ஒத்திகை முடிந்த அன்று சுரேன் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அடியில் கொஞ்சம் ஒட்டிக்கிடந்தது. மீன்தொட்டியில் போட்டால் தேநீரில் விழுந்த தூசு மாதிரிதான் தெரியும். சோதனைக்குழாயில் போட்டால் வகுப்புக்கு ஒரு முறை வரும்.

சிற்றுண்டிச்சாலையில் தே தாரேக்கை முன்னால் வைத்துக்கொண்டு ஆறவிட்டார். கடை நடத்தும் இருளாயி அக்கா மேசை துடைக்க வந்தார்.

"என்னா சார், மூஞ்சி இப்படி இருக்கு? மீனுக்கு துக்கமா?"

"இல்லக்கா. மருந்து தீந்து போச்சு. கொஞ்சூண்டுதான் இருக்கு. டத்தோவுக்கும் பத்தாது. பசங்களுக்கு மட்டும் பத்தும்."

"அப்பொறம் என்னா யோசன? டத்தோவா பரீச்ச எழுதப் போறாரு?"

சுரேன் தேநீரைக் குடிக்காமலே எழுந்தார்.

ஆய்வுக்கூட வாசலில் விழாவுக்கு இரண்டு நாள் முன்பே சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டார்கள். டத்தோ வெட்டும்வரை யாரும் நுழைய முடியாது. அதனால் மறுநாள் மத்தியானம், மழை பிடித்துக்கொண்ட நேரத்தில், ஆய்வுக்கூடத்தின் பின்பக்கம், கூரை நீண்டிருந்த இடத்தில் ஐந்தாம் படிவம் கூடியது. ஷர்வின் மட்டும் தட்டு ஏந்தப் போயிருந்தான். துளசி அம்மாவிடம் சொல்லி ஒரு பெட்டி கையுறை கொண்டுவந்திருந்தாள். ஜன்னல் வழியாக உள்ளிருந்து சோதனைக்குழாய்களை எடுத்துக் கொடுத்தார் சுரேன். அவரே ஜன்னல் ஏறித்தான் உள்ளே போயிருந்தார், காலணியைக் கழற்றிவிட்டு.

"கரைச்சுக்குங்க. தனித்தனியா. இப்ப ஒண்ண இன்னொண்ணுல ஊத்துங்க. மெதுவா."

ஊற்றினார்கள். மஞ்சள் வந்தது. மழைக்கால வெளிச்சத்தில் அது விளக்கேற்றியது போல இருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஒருத்தி குழாயைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள், பிறகு கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

துளசி முதல் முறை வடிகட்டியபோது வடிதாள் கிழிந்து எல்லாம் கீழே இறங்கிவிட்டது.

"அலமாக்! போச்சு சார்!"

"போகல. திரும்ப ஊத்து. தாள நனைச்சு, புனலோட ஒட்ட வச்சுக்க. நடுவுல ஊத்தாத, கம்பி வழியா விடு."

"காணொளியில கிழியவே இல்லயே சார்?"

"அவங்க கிழிஞ்சத வெட்டிட்டாங்க."

இரண்டாவது முறை தாள் தாங்கியது. தாளில் தங்கியதைக் காய்ச்சி வடித்த நீரால் கழுவினாள், இன்னொரு தாளால் ஒற்றி எடுத்தாள். சுண்டுவிரல் நகம் அளவு மஞ்சள். அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கழிவையெல்லாம் சுரேன் ஒரு போத்தலில் சேர்த்து மூடி, 'ஈயம், தொடாதே' என்று எழுதி வைத்தார். பள்ளிக்கூடம் செய்த உப்பில் கழிவு எங்கே போயிற்று என்று தெரிந்தது அது ஒன்றுக்குத்தான்.

பிறகு நேராகத் தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னார். "சார், ஈய நைட்ரேட் தீந்திடுச்சு. நாளைக்கு மஞ்சள் வராது."

ஸ்கந்தராஜா காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "தீர்ந்தது எண்டு சொல்லாதேயுங்கோ தம்பி. இருப்பு போதுமானது எண்டு நான் நேற்றே மேலிடத்துக்குச் சொல்லிப்போட்டன். போதுமானது எண்டு சொன்ன பிறகு அது தீரக் கூடாது."

"ஆனா சார்..."

"நீங்கள் போத்தலை நிரப்பி வையுங்கோ. மிச்சத்தை டத்தோ பார்த்துக்கொள்ளுவார்."

சுரேன் போத்தலை நிரப்பி வைத்தார். தண்ணீரால்.

டத்தோ வெயில் ஏறிய பிறகு வந்தார். கொம்பாங் மேளம் கொட்டினார்கள், ரிப்பன் வெட்டினார்கள், அவர் காலுறையோடு ஆய்வுக்கூடத்தை ஒரு சுற்று வந்தார், "சுத்தமா இருக்கு" என்றார். பிறகு மண்டபம். ஷர்வின் தட்டோடு நடந்துவந்து, நீட்டி, ஓரடி பின்வாங்கி நின்றான். டத்தோ பொன்னிறக் கையுறையை மாட்டிக்கொண்டு குடுவையை உயர்த்திப் பிடித்தார், படம் எடுக்கிறவர்களுக்காகக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார், ஊற்றினார்.

தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

மேசைக்குப் பின்னால் குந்தியிருந்த உடற்பயிற்சி ஆசிரியருக்கு ஒன்றும் தெரியாது. அவர் தொட்டியைக் கலக்க ஆரம்பித்தார். தெளிந்த நீர் சுற்றிச் சுற்றி வந்தது. பிரமிளா தொட்டியில் மஞ்சளைத் தேடினார். ஆனாலும் பழக்கம் விடவில்லை, கையை உயர்த்திச் சைகை காட்டிவிட்டார். முன்வரிசை மொத்தமும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தது. பின்வரிசைக்காரர்கள் அதைப் பார்த்து, ஏதோ நடந்துவிட்டது என்று எழுந்து நின்று கைதட்டினார்கள். டத்தோ தொட்டியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மைக்கைப் பிடித்தார். அவர் மலாயில் பேசினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"பார்த்தீர்களா? ஊற்றினேன். என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். மன்றம் தொடங்கிய நாளிலிருந்து நான் இருக்கிறேன். எவ்வளவோ ஊற்றியிருக்கிறோம். அடியில் ஒன்றும் தங்கியதில்லை. எதுவும் நிறம் மாறியதில்லை. யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. போன மாதம் ஒரு பள்ளியில் உண்மையான மருந்தை வைத்துவிட்டார்கள், என் பாத்தேக் சட்டை ஊதாவாகிவிட்டது. அறிவியல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நானும் பொறுத்துக்கொண்டேன். இன்றுதான் தெரிகிறது, அறிவியலை இவ்வளவு சுத்தமாகவும் செய்ய முடியும்!"

கைதட்டல் ஓயவே இல்லை. சுரேனுக்குப் பக்கத்தில் நாசி லெமாக் சோற்றுக் கூடையோடு நின்ற இருளாயி அக்கா மெல்லக் கேட்டார். "தண்ணிய தண்ணியில ஊத்துறதுக்கா சார் என்ன விடியக்காலமே எந்திரிக்க வச்சாங்க?"

அடுத்த வாரம் சுரேனைத் தலைமையாசிரியர் அழைத்தார். விளக்கக் கடிதம் கேட்பார்கள், மாற்றல்கூட வரலாம் என்று தயாராகத்தான் போனார். ஸ்கந்தராஜா எழுந்து வந்து கைகுலுக்கினார். பின்னால் தொட்டியில் புது மீன் ஓடியது.

"டத்தோவுக்குச் சரியான சந்தோசம். மருந்து வேண்டாம், கறை இல்லை, கழிவு இல்லை, மீனும் சாகாது. மாவட்டம் முழுக்க இதைத்தான் செய்யப்போகினம். வடக்குப் பக்கமும் கேட்டிருக்கினம். நீங்கள்தான் தலைமைப் பயிற்றுநர். பாரிட் புந்தாரிலே தொடங்குது." தேதியைச் சொன்னார்.

"சார், அன்னைக்குத்தான் பசங்களுக்கு செய்முறைத் தேர்வு."

"அதுக்கென்ன? பரீட்சை எழுதப்போறது பிள்ளையள். உங்களுக்கு அங்கே என்ன வேலை?"

பாரிட் புந்தாரில் ஒரு பள்ளி மண்டபம். ஜன்னலுக்கு வெளியே வயல். பாகான் செராயிலிருந்தெல்லாம் வேதியியல் ஆசிரியர்கள் வந்து நிறைந்திருந்தார்கள். மேடையோரத்தில் மன்றத்து அதிகாரி ஒருவர் கால்மேல் கால்போட்டு உட்கார்ந்திருந்தார். சுரேன் கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் வைத்தார். அதில் தண்ணீரை ஊற்றினார். கைதட்டினார்கள்.

கைதட்டும்போதே சட்டைப்பையில் கைப்பேசி துடித்தது. துளசி அனுப்பியிருந்தாள். "சார் முடிஞ்சுச்சு. கரையாத உப்புதான் வந்துச்சு. எல்லாரும் செஞ்சிட்டோம். ஷர்வின் மட்டும் ஊத்திட்டு ஒரு அடி பின்னால போயி அப்படியே நின்னுட்டான் சார். மணியடிக்கிற வரைக்கும் நின்னான்."

சுரேன் அதை இரண்டாம் முறை படித்தார். கைப்பேசியைத் திரும்பப் பைக்குள் போட்டார். கேள்விகள் இருந்தால் கேட்கலாம் என்றார்.

நடுவரிசையில் ஓர் இளம் ஆசிரியை எழுந்தார். நிரோஷா என்று பெயர்ப்பட்டையில் இருந்தது. "சார், எங்க ஸ்கூல்ல ஈய நைட்ரேட் ஒரு போத்தல் இருக்கு. இன்னும் சீல்கூட ஒடைக்கல. இனிமே தண்ணியே போதும்னா அத என்னா செய்யுறது? ஆபீஸ்ல ஒப்படைச்சிரவா?"

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். சுரேன் மைக்கை அணைத்தார். மேடையை விட்டு இறங்கி, வரிசைக்குள் நுழைந்து, ஆசிரியையின் பக்கத்தில் குனிந்தார்.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க டீச்சர். அலமாரியில பின்னால தள்ளி வச்சு பூட்டிருங்க. நல்லா மழ பெய்யுற மத்தியானமா பாருங்க. பசங்கள கூட்டிக்கிட்டு லேப் பின்னால போயிருங்க. வடிதாள் ரெண்டு ரெண்டா குடுங்க, மொதல் தாள் கிழியும்."

திரும்பி வந்து மேடையேறினார்.

"என்ன சொன்னீங்க சார் அவங்ககிட்ட?" என்று அதிகாரி கேட்டார்.

"செய்முறைய சொன்னேன்," என்றார் சுரேன்.